சாரலோடு வரும் சகலை

என் மனைவிக்கு இரண்டு சிரிப்பு உண்டு. ஒன்று வருஷம் பூராவும் வீட்டில் இருப்பது. உதட்டோடு நின்றுவிடும். நான் மாவு மில்லிலிருந்து புருவமெல்லாம் வெள்ளையாக வந்து நின்றால் அது வரும். பால் பொங்குவதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைத்தால் வரும். இன்னொன்று, உட்கார்ந்து சிரிப்பது. நின்றபடி ஆரம்பித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, "போதும், வயிறு வலிக்கி" என்று கும்பிடுவாள். இந்த இரண்டாவது சிரிப்பு, குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்தால்தான் எங்கள் வீட்டுக்கு வரும். கொண்டுவருகிறவர் என் சகலை.

எனக்கு அவர்மேல் உள்ள பொறாமை இது ஒன்றுதான். அவருடைய உயரம், மீசை, போலீஸ் ஏட்டு என்ற மரியாதை, எல்லாம் அவரே வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சிரிப்பை மட்டும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

எங்கள் வீடு குத்துக்கல்வலசையில். மில் தென்காசியில். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு மில்லுக்கு வந்தவன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன். மோட்டார் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. அதனால் எல்லாம் கைச்சாடைதான். பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினால் நைசாக அரைக்க வேண்டும். விரல்களைக் குவித்து உதறினால் புட்டுக்கு. உள்ளங்கையை மேலும் கீழுமாக ஆட்டினால் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு இது வசதியாகப் போயிற்று. பேசக் கூச்சப்படுகிறவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. நாளாக ஆக வீட்டிலும் கை பேச ஆரம்பித்துவிட்டது. காப்பி வேண்டும் என்றால் பெருவிரலை உதட்டருகே சாய்ப்பேன். அவளும் பேசாமல் கொண்டுவந்து வைப்பாள். பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகு சில நாள் எங்கள் வீட்டில் மிக்சி மட்டும்தான் பேசியிருக்கும்.

அப்படி இருக்கிற வீட்டுக்கு ஆனி பிறந்ததும் சென்னையிலிருந்து போன் வரும். நல்லா இருக்கீங்களா என்ற கேள்வி எல்லாம் கிடையாது. "சகலை, தண்ணி விழுதா?" என்பார். விழுகிறது என்றால் அடுத்த வாரம் சகலையும், மனைவியின் அக்காவும் வந்து இறங்குவார்கள். அவளை நான் மைனி என்று கூப்பிடுவேன். பிறகு அவர் ஐந்தருவிக்கும் மெயினருவிக்கும் போய் வருவார். வீடு முழுக்க ஈரத் துண்டு தொங்கும். சாரலில் எதுவும் காயாது. ஜன்னல் கம்பியில், பிரிட்ஜுக்குப் பின்னால், பேன் றெக்கைக்குக் கீழே கயிறு கட்டி, எங்கே பார்த்தாலும் அவருடைய உள்பனியன். நான் குனிந்து குனிந்துதான் என் வீட்டுக்குள் நடப்பேன்.

இந்தத் தடவை வந்த மறுநாளே அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். மற்றவர்களுக்கு அது வருத்தம். எனக்கு அதைவிட வருத்தம். அருவிக்குப் போகாவிட்டால் அவர் நாள் முழுக்க வீட்டில் இருப்பார், பேசுவார்.

அன்று சாயங்காலம் நான் வரும்போது கோழிக் கதை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோழிக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடி ஸ்டேஷனுக்கு வந்தார்களாம். தீரவில்லை. கோழியை ராத்திரி ஸ்டேஷனிலேயே வைத்துக்கொண்டார்களாம்.

"காலையில பாத்தா ரைட்டர் நாற்காலியில முட்ட போட்டுருக்கு," என்றார் சகலை. "ரெண்டு பேரும் வந்துட்டானுவ. கோழி கேஸு நிக்கட்டும் சார், இப்ப முட்டைக்கு என்ன சொல்லுதீயங்கான். ரைட்டர் அழுதுட்டாரு. நாற்காலி என் பேர்லல்லா இருக்கு, முட்டையும் என் கணக்குல வருமாங்காரு."

மனைவி சுவரைப் பிடித்துவிட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டார்.

"வாரும் சகலை. உம்ம கதையத்தான் அடுத்து சொல்லப் போறேன். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மாமா கேட்டாரு, மாப்ள, பொண்ணு புடிச்சிருக்கான்னு. இவரு என்ன செஞ்சாரு தெரியுமா?" என்று பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினார். "நைசா அரைக்கணுமாம்."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அன்றைக்கு அப்படிச் செய்யவே இல்லை. தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். என் கல்யாணத்தில் நடக்காத ஒன்றுக்கு என் மனைவி இப்படிச் சிரிக்கிறாள். நடந்ததற்கு ஒரு நாளும் சிரித்ததில்லை.

அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன். என்னிடமும் ஒரு கதை இருந்தது. ஒரு புது மாப்பிள்ளை மில்லுக்கு வந்தார். வீட்டில் அரிசி, உளுந்து, மிளகாய், மல்லி எல்லாம் கொடுத்து அரைத்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கலந்து மிஷின் வாயருகே கொண்டுபோய்விட்டார். மோட்டார் ஓடுகிறது. நான் தூரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டுகிறேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து டாட்டா காட்டிவிட்டு உள்ளே கொட்டினார். மறுநாள் மில்லில் இதை மோட்டார் சத்தத்துக்குள் எனக்கு நானே பலதடவை சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டின்போது தொண்டையைச் செருமினேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்ததும் கதை கலைந்துவிட்டது.

"ஒருத்தர் டாட்டா காட்டினாரு," என்றேன்.

"யாரு?" என்றாள் மைனி.

"மில்லுல. எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டாரு. மாப்பிள்ளை. புதுசு."

"பொறவு?" என்றாள் மனைவி.

"பொறவு ஒண்ணும் இல்ல. கழுவுனோம்."

அவள் என் இலையில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். இரக்கப்பட்டு ஊற்றிய ரசம் என்று பார்த்தாலே தெரிந்தது.

மறுநாள் காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சகலை போனில் யாரிடமோ பேசுவது கேட்டது. "நம்ம சகலை மில்லுல ஒரு புது மாப்ள வந்திருக்கான் வேய்..." என்று ஆரம்பித்தார். நான் சொன்ன துண்டு துணுக்குகளை எப்படியோ கோத்திருந்தார். நான் கை ஆட்டியதும் அவன் கை ஆட்டியதும் எழுந்து நின்று நடித்தே காட்டினார். கடைசியில், "அன்னையிலேருந்து அவன் வீட்டுல இட்லிக்கு சாம்பாரே ஊத்துறது இல்ல. இட்லிக்குள்ளயே இருக்கு," என்றார். அடுப்படியில் தட்டு கீழே விழுந்த சத்தமும், பின்னாலேயே என் மனைவி உட்கார்ந்த சத்தமும் கேட்டது. நான் அடுப்படி வாசலுக்கு நேரே, வாயில் பேஸ்ட்டோடு நின்றேன். கதை என்னுடையது. மில் நான் வேலை பார்ப்பது. மனைவியும் என்னுடையவள். சிரிப்பு மட்டும் அவருடையது.

அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு வந்தது. சகலைக்கு அடுத்த வருஷம் ஓய்வு. எங்கள் வீட்டை ஒட்டி ஒரு மனை காலியாகக் கிடக்கிறது. அதை வாங்கி வீடு கட்டி, இங்கேயே வந்துவிடலாம் என்று நினைக்கிறாராம். மனை சுரண்டையில் இருக்கிற ஒரு வாத்தியாருடையது. மசாலா அரைக்க எங்கள் மில்லுக்குத்தான் வருவார். யார் யாரோ கேட்டும் கொடுக்கவில்லை. தெரிந்தவர் சொன்னால்தான் கொடுப்பார். "நீரு ஒரு வார்த்த சொன்னா போதும் சகலை," என்றார். மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு உள்ளே மோட்டார் நின்றதுபோல் ஆயிற்று. சீசனுக்கு மட்டும் வருகிறவர் வருஷம் பூராவும் இருப்பார். பிறகு அந்த உதட்டுச் சிரிப்புகூட எனக்கென்று மிஞ்சுமா என்று தெரியவில்லை. பார்க்கலாம் என்று உள்ளங்கையை ஆட்டிவிட்டு மில்லுக்குப் போய்விட்டேன். சில நாள் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. எனக்கு அதில் நல்ல பழக்கம் உண்டு.

மனைவி ஒரு மத்தியானம் பேனுக்குக் கீழே துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "வாத்தியார்ட்ட பேசுனீயளா?"

"அவருக்கு நேரம் இல்ல."

"உங்களுக்கு மனசு இல்ல," என்றாள். "அத்தான் வந்ததுலேருந்து பாக்கேன். மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீய?"

கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "அவரு சொல்லுதது எல்லாம் உனக்கு அவ்வளவு சிரிப்பா வருதா?"

அவள் கையில் இருந்த ஈரச் சட்டையோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கோழிக் கதைய அவிய வருஷா வருஷம் சொல்லுதாவ. போன வருஷம் அது வாத்தா இருந்துச்சு. அதுக்கா சிரிப்பேன்? அவிய சொல்லச் சொல்ல உங்க மூஞ்சி போற போக்கு இருக்கே, புளிய முழுங்குன மாதிரி. அதப் பாத்துல்லா சிரிக்கேன்."

இதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. என் முகத்தை அப்படி ஆக்குவதற்கும் அவர்தானே வேண்டியிருக்கிறது என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது.

"இங்கேருங்க," என்றாள். "உங்களுக்குப் பிடிக்கலன்னா வேண்டாம். நானே அக்காட்ட ஏதாவது சொல்லிருதேன். பக்கத்துப் பக்கத்துல இருந்துக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட முடியாது." அவள் சட்டையை உதறிப் போட்டாள். அக்கா பக்கத்தில் வரவேண்டும் என்று அவள் எவ்வளவு ஆசைப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும். அதனால் அவள் வேண்டாம் என்று சொன்னது இன்னும் கனமாக இருந்தது.

அடுத்த நாள் வெள்ளம் வடிந்து, குளிக்க விட்டார்கள். சகலை விடிந்ததுமே பழைய குற்றாலத்துக்குப் போய்விட்டார். மைனி மட்டும் ஊறவைத்து வடித்த அரிசியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மில்லுக்கு வந்தாள். மில்லில் கூட்டம். மழைக் குளிருக்கு, அரைத்த மாவுச் சூட்டில் கையை வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் நின்றார்கள். நான் அரிசியைக் கொட்டினேன். மைனி என் பக்கத்தில் நின்று என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். உதடு அசைவது தெரிந்ததே தவிர ஒன்றும் கேட்கவில்லை. நான் வழக்கம்போல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கேட்காது என்பதால்தான் அவள் அங்கே சொன்னாளோ என்னவோ. குரலை உயர்த்தி உயர்த்திப் பேசினாள்.

அப்போது கரண்ட் போய்விட்டது.

"வீட்டுல என்கிட்ட ஒரு வார்த்த பேசமாட்டாவ தம்பி," என்று அவள் கத்தியது மில் முழுக்கக் கேட்டது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முகம் செத்துப்போனது. நான் மோட்டார் பெல்ட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். மற்றவர்கள் கரண்டைத் திட்ட ஆரம்பித்ததும் அவள் மெல்லச் சொன்னாள்.

"டூட்டி முடிஞ்சு வந்தா டிவி, சாப்பாடு, தூக்கம். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாவ. அவ்வளவுதான். இந்தக் கோழி, வாத்து எல்லாம் நானே இங்கன வந்துதான் கேக்கேன். வருஷத்துல இந்தக் கொஞ்ச நாள்தான் எனக்கு எங்க வீட்டுக்காரவிய சிரிக்கது காணக் கெடைக்கும். உங்க வீட்டுப் படியேறினா அவிய வேற ஆளு."

"ஏன் மைனி?"

"தெரியல. நீங்க எதுக்க உக்காந்தா அவியளுக்கு வாய் வருது." சற்று நேரம் வாளியின் மூடியைத் தடவினாள். "கோவிச்சுக்காதீய தம்பி. உங்க வீட்டப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. நீங்க கையக் காட்டுனா அவ காப்பி கொண்டுவாரா. எங்களுக்கு அந்தக் கை பேச்சும் கெடையாது."

பொறாமை என்ற சொல்லை நான் எனக்கு மட்டும் என்று வைத்திருந்தேன். அதை இவள் இப்படி மாவு படிந்த திண்டில் வைத்துவிட்டுப் போவாள் என்று எதிர்பார்க்கவில்லை. கரண்ட் வந்தது. மாவை அரைத்துக் கொடுத்தேன். சூடான வாளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் வாத்தியாருக்குப் போன் செய்தேன். போன் என்றால் கையைக் காட்ட முடியாது, அதனால் எனக்குப் போன் ஆகாது. மில்லுக்குப் பின்னால் தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்று, "சார், அந்த மனை. என் சகலைக்கு. நல்ல மனுஷன்," என்றேன். கடைசி இரண்டு வார்த்தையும் திக்கித் திக்கித்தான் வந்தது. அது அன்பினால் இல்லை. அவர், "நீ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லயேப்பா. கூட்டிட்டு வா," என்றார்.

சாயங்காலம் சொன்னேன். சகலை ஏதாவது நையாண்டி செய்வார் என்று காத்திருந்தேன். அவர் ஈரத்தலையோடு எழுந்து வந்து என் கையைப் பிடித்து அழுத்தினார். மைனி உள்ளே போய்விட்டாள்.

இப்போது வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. கட்டட வேலையைப் பார்க்க என்று சகலை லீவு போட்டுவிட்டு மாதாமாதம் வருகிறார். அதனால் சீசன் இல்லாத மாதத்திலும் என் மனைவி தரையில் உட்காருகிறாள். எனக்குப் பொறாமை குறையவில்லை. முன்பைவிடக் கூடித்தான் இருக்கிறது. என்ன, இப்போது சகலை கதை சொல்லும்போது நான் மைனியையும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அவள் கதையைக் கேட்பதில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் எடுக்கக் கொத்தனார் வந்தார். எவ்வளவு உயரம் என்று கேட்டார். எல்லோரும் நின்றோம். சகலை, "சகலை சொல்லட்டும்," என்றார்.

"நல்லா உசரமா வைங்க," என்றேன். "சத்தம் இந்தப் பக்கம் வரக்கூடாது."

முதலில் சகலை சிரித்தார். பிறகு மைனி. என் மனைவி மணல் குவியலைப் பிடிக்கப் பார்த்து, பிடி கிடைக்காமல், அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். அவ்வளவு நேரம் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதை விளக்கிச் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை. கொத்தனாரும் சிரித்துவிட்டு, இடுப்பளவோடு சுவரை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.