தெருவுக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டவர்கள்

அன்றைக்கு வந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அண்ணன், வேன் ஓட்டினார். அண்ணி, முன் சீற்றில். கலியாணம் பேசுகிற அன்ரி, நடுச் சீற்றில், காது கொஞ்சம் மந்தம். நான், பின்னுக்கு, மடியில் றோல்ஸ் பெட்டியோடு. தெருவுக்கு எதிர்ப் பக்கத்தில் இரண்டு பேர். மாப்பிள்ளை. அவருடைய அக்கா.

எனக்கு நாற்பத்தொன்று. மாப்பிள்ளை பக்கத்துக்கு முப்பத்தெட்டு என்று சொல்லியிருந்தது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கனடாவில், ஸ்காபரோவில், பாண் சுடுகிற ஒரு பக்டரியில் வேலை. அண்ணன் வீட்டுப் பேஸ்மன்டில் இருந்தேன். அண்ணியின் தங்கை குடும்பம் மொன்றியலில் இருந்து வரப்போகிறது, கீழ் வீடு அவர்களுக்கு வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்.

"நீ கட்டிப் போனாய் எண்டால் எல்லாருக்கும் நிம்மதி."

எனக்கும் நிம்மதிதான். இது சரிவர வேண்டும் என்று நானும் விரும்பினேன். மறைக்க ஒன்றுமில்லை.

மாப்பிள்ளைக்கு ஐம்பத்திரண்டு. விட்பியில் வீடு. ஒருமுறை கலியாணம் கட்டிப் பிரிந்தவர். சைக்கிள் ஓடுவதில் பைத்தியம். அனுப்பின படத்தில் சைக்கிளுக்குப் பக்கத்தில் இறுக்கின உடுப்போடு நின்றார். அண்ணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"உடுப்புப் போட்டிருக்கிறாரோ, பெயின்ற் அடிச்சிருக்கிறாரோ?"

அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெண் பார்க்க அவர்களுக்கு விருப்பமில்லை. சரிவராவிட்டால் சனம் கதைக்கும். ஸ்ரௌவ்வில் என்ற இடத்தைத் தாண்டி வடக்கே ஒரு சின்ன ஊரில் பெரிய சைக்கிள் ரேஸ் நடக்கப் போகிறது, சம்பளத்துக்கு ஓடுகிற ஆட்கள் ஓடுவது, அங்கே தற்செயலாகச் சந்தித்த மாதிரிச் சந்திக்கலாம் என்று மாப்பிள்ளையின் அக்கா ஒழுங்கு செய்தார்.

"ரேஸ் போற றோட்டாலேயே வாங்கோ. வழியில இடங்களைப் பாத்து, அந்த ஊர்ச் சாப்பாட்டையும் சாப்பிட்டுக்கொண்டு வாங்கோ. தம்பிக்கு வெளியில நாலு இடம் போய்வாற பெண்தான் வேணும்."

நான் பக்டரிக்கும் கோயிலுக்கும் போய்வருகிறவள். அண்ணி எனக்கு வெள்ளை ஓட்டச் சப்பாத்து வாங்கித் தந்தார். ஒரு அளவு சின்னன். மலிவில் அதுதான் இருந்தது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள், சம்மதம் என்றால்தான் பெண் பக்கத்துச் சாப்பாட்டில் கை நனைப்பார்கள். விருப்பமில்லை என்றால் ஒரு வாய் தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பிவிடுவார்கள். வாயால் சொல்லத் தேவையில்லை. அதனால்தான் விடிய எழும்பி மட்டன் றோல்ஸ் பொரித்தேன்.

"நீ ஒண்டும் கதைக்காத பிள்ளை," என்றார் அன்ரி. "பெட்டியை நீட்டு. கடிச்சார் எண்டால் காரியம் முடிஞ்சுது."

வழி வடிவாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் புது வீடுகள் ஒரே மாதிரி வரிசையாக நின்றன. பிறகு அவை முடிந்து சோளத் தோட்டம், குதிரைகள், சிவப்புப் பெயின்ற் அடித்த களஞ்சியங்கள். ஒரு மேட்டில் ஏறியபோது கீழே முழுப் பச்சையாகத் தெரிந்தது. சைக்கிள்காரர் இதில் ஏற மூச்சு வாங்குவார்களாம். சனம் மடிக்கிற கதிரைகளோடு வந்து இடம் பிடித்திருந்தது. சிலரின் கையில் மாட்டுக்குக் கட்டுகிற மணி. சைக்கிள் வரும்போது அதைத்தான் ஆட்டுவார்களாம்.

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். "உனக்கும் ஒண்டு வாங்குவமோ? கழுத்தில கட்டினால் மாப்பிள்ளை கண்டுபிடிக்கச் சுகம்."

அன்ரி சரியாகக் கேட்காமல் "ஓம் ஓம், வாங்குவம்" என்றார்.

ஒரு பண்ணைக் கடையில் நிறுத்தினோம். பட்டர் ராட் என்று ஒரு சின்னப் பலகாரம் விற்றார்கள். உள்ளங்கை அளவு. நடுவில் சீனிப் பாகு இளகி நிற்கும். நான் ஒன்று தின்றேன். நன்றாக இருந்தது. இன்னொன்று எடுக்கப் போனேன்.

"போதும்," என்றார் அண்ணி. "உடுப்பு வெடிக்கும்."

ஊருக்குள் போய் வேனை நிறுத்தினோம். தேவாலயச் சந்தியில் சந்திப்பதாகப் பேச்சு. நாங்கள் சந்தியில்தான் நின்றோம். அவர்களும் சந்தியில்தான் நின்றார்கள். ஆனால் தெருவுக்கு அங்கால். நடுவில் இரும்புத் தடுப்பு. ரேஸ் அந்த ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓடி முடியும்வரை ஆரும் தெருவைக் கடக்க ஏலாது. எங்கள் வேனும் அந்த வட்டத்துக்குள்ளே மாட்டுப்பட்டுவிட்டது.

தடுப்பில் ஒரு வயதான வெள்ளைக்காரி மஞ்சள் மேற்சட்டையோடு காவலுக்கு நின்றார். அன்ரி அவரிடம் போய்க் கெஞ்சினார். அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார். முடியாது.

அப்போது முதல் சுற்று வந்தது. மோட்டர் சைக்கிள்கள் போயின. பிறகு ஒரு காற்று. சங்கிலிச் சத்தம். நிறநிறமாக ஒரு கூட்டம். மூச்சு விடுவதற்குள் போய்விட்டது.

"இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தம்?" என்றார் அண்ணன்.

அன்ரியின் போன் அடித்தது. அங்கால் இருந்து அக்கா. சனத்தின் சத்தத்தில் அன்ரிக்குக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டார். அதனால் எல்லோருக்கும் கேட்டது.

"அன்ரி, ஆர் பெண்? நீலச் சட்டையோ?"

"ஓம், ஓம். பெட்டியோட நிக்கிறா."

"கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கோ."

"நட பிள்ளை," என்றார் அன்ரி.

தடுப்போரமாக நடந்தேன். சப்பாத்து குதியைக் கடித்தது.

"கால் இழுக்குதோ?"

"இல்லையில்லை, சப்பாத்து புதுசு."

"திரும்பச் சொல்லுங்கோ. கண்ணாடியைக் கழட்டச் சொல்லுங்கோ."

திரும்பினேன். கழற்றினேன். கண்ணாடி இல்லாமல் எனக்கு எதிர்ப் பக்கம் தெரியாது. பச்சையாக ஒரு உருவம், அதுதான் மாப்பிள்ளை. பக்கத்தில் உயரமாக ஒரு உருவம், போனை எனக்கு நேரே பிடித்துக்கொண்டு. அதில் பெரிதாக்கிப் பார்க்கிறார் என்று அண்ணன் சொன்னார்.

"தம்பி என்ன சொல்லுறார்?" என்று அன்ரி கேட்டார்.

"அவன் ரேஸைப் பாக்கிறான்."

கண்ணாடியைப் போட்டேன். உண்மைதான். எல்லோருக்கும் கடைசியாக ஒருவன் தனியாக மிதித்துக்கொண்டு வந்தான். முகம் உப்புப் பூத்திருந்தது. இரண்டு பக்கத்துச் சனமும் அவனுக்குக் கை தட்டியது. மாப்பிள்ளை தட்டவில்லை. அவனைக் காட்டி அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

பிறகு அக்கா பலகாரக் கடை வரிசைக்குப் போய்விட்டார். அன்ரிக்குப் பொறுமையில்லை. என்னிடம் இருந்து பெட்டியை வாங்கி மஞ்சள் சட்டைக்காரியிடம் நீட்டினார். "பூட். தட் மான். கிரீன் மான்."

அந்த மனிசிக்கு நல்ல மனம். சாப்பாடு கொடுக்கத் தடையில்லை என்று நினைத்திருப்பார். இரண்டு சுற்றுக்கு நடுவில் தெருவைக் கடந்து பெட்டியை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். அவர் மூடியைத் திறந்தார். ஒன்றை எடுத்தார். கடித்தார்.

"கை நனைச்சிட்டார்!" என்று அன்ரி கத்தினார். பக்கத்து வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணி என்னைக் கட்டிப் பிடித்தார். என் வாழ்க்கையில் அண்ணி என்னைக் கட்டிப் பிடித்தது அன்றைக்குத்தான். அண்ணன் கண்ணைத் துடைத்தார். மாப்பிள்ளை இரண்டாவதையும் எடுத்தார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். விட்பி வீட்டில் அடுப்படி எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்தேன்.

அக்கா திரும்பி வந்தார். பெட்டியைப் பார்த்தார். தம்பியிடம் ஏதோ கேட்டார். எங்களைப் பார்த்தார். போன் அடித்தது.

"அன்ரி, பிழையா எடுக்காதேங்கோ. ரேஸ்காரர் சும்மா குடுக்கிற சாப்பாடெண்டு நினைச்சுத் திண்டிட்டான். மஞ்சள் சட்டைக்காரியெல்லோ கொண்டுவந்து தந்தவ. உங்கடை எண்டு தெரிஞ்சிருந்தால் தொட்டிருக்க மாட்டான்."

"அப்ப முடிவு என்ன?"

"வயசு கூட அன்ரி. இவ்வளவு தூரத்தில நிண்டே தெரியுது. கிட்ட வந்து பாக்கத் தேவையில்லை."

அன்ரி ஸ்பீக்கரை நிறுத்தப் பார்த்தார். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை.

"அப்ப பெட்டியைத் தந்துவிடுங்கோ," என்றார்.

"தாறம். கதைதான் முடிஞ்சுதே, இனிச் சாப்பிட்டால் பிழையில்லைத்தானே? வாசம் நல்லா இருக்கு."

சொல்லிவிட்டு அக்காவும் ஒன்றை எடுத்தார். வேன் உள்ளே மாட்டியிருந்தது. ரேஸ் முடிய இன்னும் சுற்றுகள் இருந்தன. எங்களுக்குப் போக வழியில்லை. தடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றோம். அவர்கள் சாப்பிட்டார்கள். பக்கத்தில் கதிரை போட்டிருந்த வெள்ளைக்காரருக்கும் நீட்டினார்கள். அவர்கள் எடுத்து, பெருவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சைக்கிள்கள் நடுவால் போயின. போன பிறகு பார்த்தால் இன்னும் வாய் அசைந்துகொண்டிருக்கும்.

"முகத்தைத் தொங்கப் போடாத," என்றார் அண்ணி. "அதுதான் வயசு தெரியுது."

அண்ணன் "இப்ப அதை விடப்பா" என்றார்.

ரேஸ் முடிந்தது. ஆர் வென்றது என்று தெரியாது. தடுப்பை எடுத்தார்கள். இப்போது தெரு திறந்து கிடந்தது, பத்து எட்டு வைத்தால் அங்கால். அவர்கள் வரவில்லை. நாங்களும் போகவில்லை. மாப்பிள்ளை தான் கொண்டுவந்த சைக்கிளைக் காரின் மேல் கட்டினார். மஞ்சள் சட்டைக்காரிதான் பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். எல்லோருக்கும் நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று இங்கிலீசில் சொல்லி என் தோளில் தட்டினார்.

வேன் வெளிக்கிட்டது. அன்ரி நித்திரை போல் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணி மொன்றியலுக்குப் போன் எடுத்தார்.

"ஓமடி, சாமான்களைக் கட்டு. முதலாம் திகதி கீழ் வீடு வெறுமையாயிடும். அவ எங்கையாவது ஒரு றூம் பாப்பா."

போனை வைத்துவிட்டுத் திரும்பாமலே கேட்டார். "எத்தனை றோல்ஸ் வைச்சனி?"

மூடியைத் திறந்தேன். அடியில் பொரியல் தூள் மட்டும் கிடந்தது.

பதினெட்டு.