பாலத்தில் கட்டிய கயிறு

ஒரு நைலோன் கயிறு. அதைப் பாலத்தின் ஏறுவாயில் கட்டி, முடிச்சின் மேல் கையை வைத்துக்கொண்டு பெரிய மனிதனைப்போல் நான் நின்றேன். கல்முனை வீதிக்கு மேலாக, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரருக்குமென்று எங்கள் ஊரில் புதிதாகக் கட்டிய பாலம் அது. யாரும் குறுக்கே ஓடக்கூடாதென்று வீதி நடுவே நீளத்துக்கு இரும்பு வேலியும் போட்டுவிட்டார்கள். கடற்கரைப் பக்கமிருந்து வாவிப் பக்கம் போக வேறு வழியில்லை. நல்ல காரியம்தான். ஆனால் வைகாசிச் சடங்கில் அம்மாள் அந்த வீதியால்தான் ஊர்வலம் வருவாள். அவள் தலைக்கு மேலே மனிதர் நடப்பதா? அம்மாள் கடந்து போகும்வரை ஒருவரும் பாலத்தில் ஏறக்கூடாதென்று கோயில் சபை முடிவெடுத்தது. காவலுக்கு என்னை நிறுத்தியது.

பறைமேளம் நெருங்கிய நேரத்தில், பிள்ளைப்பேறு பார்க்கும் மிசி சைக்கிளில் வந்து இறங்கினார்.

“மிசி, இப்ப ஏறேலா. அம்மாள் வாறா.”

“அந்தப் பக்கம் ஒரு புள்ளத்தாச்சிக்கு ரத்தம் போகுது மனே.”

“கொஞ்சம் பொறுங்க மிசி.”

“ரத்தம் பொறுக்குமா?”

அவர் கெஞ்சவில்லை, சத்தம் போடவுமில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் முடிச்சை அவிழ்த்தேன். அவர் செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினார். நடுப்பாலத்தில் அவர் போகும்போது அம்மாள் கீழே வந்துவிட்டாள். ஊரே அண்ணாந்து பார்த்தது. அன்று தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் சபையில், “ஆர் கயித்த அவுத்த?” என்று கேட்டார்கள். “மிசிதான்” என்றேன்.

மிசியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். “ஓம், நான்தான் அவுத்தன்” என்றார். குற்றம் தீரப் பொங்கல் வைக்கச் சொன்னார்கள். வைத்தார். ஈர விறகு புகைந்து அவர் கண்ணெல்லாம் சிவந்தது. பக்கத்தில் நின்று விறகு எடுத்துக் கொடுத்தேன், அதற்கு மட்டும்தான் எனக்குத் துணிவிருந்தது.

வாகரைக்கு மாற்றம் கிடைத்து அவர் புறப்பட்ட கிழமை, அதே பாலத்தில் எதிர்ப்பட்டார். “ஏன் மிசி அண்டைக்கு என்னைக் காட்டிக் குடுக்கல்ல?” என்று ஒருவாறு கேட்டுவிட்டேன்.

“நான் மாறிப் போறவள் மனே. நீ இஞ்ச இருக்கவேணும்.”

இருக்கிறேன். இப்போது சபையில் நானும் ஒருவன். சடங்கு வரும்போதெல்லாம் பழைய கதை எடுபடும். “அந்த மிசி செஞ்ச வேல” என்பார்கள். நானும் தலையாட்டுவேன்.