பேரணி தாண்டுவதற்குள் மாறிய முகம்

தொடுதிரை போன் என் கைக்கு வந்தது இரண்டாயிரத்துப் பதினைந்து வாக்கில். அப்போது திண்டிவனத்தில் குடியிருந்தேன். விழுப்புரத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டரில் எழுத்துக் கோர்த்து, பிள்ளையார் படம் வைத்து, ஓரத்துக்குப் பூ வேலை செய்து கொடுக்கும் வேலை. காலையில் பாசஞ்சர் ரயிலில் போய், சாயங்காலம் கிடைத்த பஸ்ஸில் திரும்புவேன்.

ரயிலில் எனக்கு எதிர் சீட்டில் ஒரு நர்ஸ் வழக்கமாக உட்காருவாள். என்னைவிட வயதில் நன்றாகவே சின்னவள். மரக்காணம் பக்கத்துக் குப்பத்தில், கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்து, அப்படிப்பட்ட குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததால் திண்டிவனத்தில் வாடகை வீடு எடுத்திருந்தாள். அவள் கணவர் வாரத்தில் பாதி நாள் குப்பத்திலேயே தங்கிக் கடலுக்குப் போவார்.

ஒரு நாள் விக்கிரவாண்டி வரும் நேரத்தில் அவள் என் முழங்காலைத் தட்டினாள்.

“அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? வயித்துல எதனா வலி இருக்குதா?”

“இல்லியே. ஏன்?”

“திண்டிவனத்துல சிரிச்சிக்கினு ஏர்றீங்க. பேரணி ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ள மூஞ்சி சுண்டிப்போவுது. ரொம்ப நாளா பாத்துக்கினுதான் வர்றேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் சொல்கிறாள் என்பதால் அதை ஒதுக்கவும் முடியவில்லை. மறுநாள் என்னை நானே கவனித்தேன். மயிலம் தாண்டியதும் கை தானாகப் பைக்குள் போய் போனை எடுத்தது. கட்டைவிரல் தானாக ஒரே இடத்துக்குப் போனது. என்னோடு பத்தாவது வரை படித்த தோழி ஷார்ஜாவில் இருந்தாள். ஒரு ஆப்பில் அவள் போடும் படங்களைப் பார்ப்பேன். கடற்கரையில் மஞ்சள் புடவையில் ஒன்று, நீரூற்றுக்கு முன்னால் பச்சைப் புடவையில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘லைக்’ போட்டுவிட்டு மேலே போவேன். வலி என்று எதுவும் இல்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே கரும்பு வயல் ஓடிக்கொண்டிருந்ததைக்கூட நான் பார்க்கவில்லை என்பது ரயிலை விட்டு இறங்கும்போதுதான் தெரிந்தது. உடம்பில் ஒரு சலிப்பு. இரவெல்லாம் தூங்காதவள் போல.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. நாள் முழுக்க நான் செய்வதே அடுத்தவர் வீட்டு நல்ல காரியத்தை அழகாக்கும் வேலை. மாப்பிள்ளை என்ஜினீயர், பெண் டாக்டர், பெரிய மண்டபம் என்று எத்தனையோ வரிகளை அடித்திருக்கிறேன். ஒரு முறைகூட மனசு சுருங்கியதில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்பது மட்டும்தான் கவலை. அப்படியிருக்க, தோழியின் பச்சைப் புடவையில் மட்டும் என்ன இருக்கிறது?

இதை நர்ஸிடம் சொன்னேன். 

“அப்ப போனாலதான்னு சொல்றீங்களா? நானும்தான் போனு பாக்கறேன். என் மூஞ்சி எப்பிடி இருக்குதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க.”

பார்க்கத் தொடங்கினேன். அவள் ஏறியவுடன் போனில் காற்றின் வேகத்தைக் காட்டும் படம் ஒன்றைத் திறப்பாள். நீலத்தில் சின்னச் சின்ன அம்புகள் ஓடும். அப்போது அவள் புருவம் நெரிந்திருக்கும். பிறகு போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். மயிலத்துக்கும் பேரணிக்கும் நடுவே எங்காவது அது ஒரு முறை அதிரும். கணவர் கரை ஏறிவிட்டார் என்பதற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரல் படம். அவ்வளவுதான். சில நாள் கூடவே ஒரு மீன் படமும் வரும். அதைப் பார்த்தவுடன் அவள் தோள் இரண்டும் கீழே இறங்கும். போனைப் பைக்குள் போட்டுவிட்டு முண்டியம்பாக்கம் வரை வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள்.

“உனக்குப் போனு தூக்க மாத்திரையா இருக்குது,” என்றேன்.

“உங்களுக்கு மாத்திரை ஒத்துக்கல போல,” என்றாள்.

ஐப்பசியில் ஒரு நாள் காற்று பலமாக இருந்தது. மயிலம் போனது, பேரணி போனது, அவள் போன் அதிரவில்லை. எடுத்துப் பார்த்தாள், சிக்னலே இல்லை. அவள் கம்பெனி டவர் அந்தப் பக்கம் படுத்துவிட்டது. என்னுடையது வேறு கம்பெனி. கேட்காமலே நீட்டினேன். கணவர் நம்பருக்கு அடித்தாள். மணி போகவே இல்லை. மாமியாருக்கு அடித்தாள். அந்த அம்மா பேசியது எனக்கே கேட்டது.

“அவன் இன்னிக்குக் கடலுக்கே போவல. வூட்டாண்டதான் வலைய சிக்கெடுத்துக்கினு இருக்கான். போனு தண்ணில வுயிந்து பூட்ச்சி. நீ ஏன் பேஜாரு பண்ற?”

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பிறகு இரண்டு பேரும் இட்லி சாப்பிட்டோம். விழுப்புரத்தில் இறங்கிய பிறகுதான் கவனித்தேன்: அன்று உடம்பில் அந்தச் சலிப்பு இல்லை. தோழியின் படங்களை நான் பார்க்கவும் இல்லை.

சரி, மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்து அந்த ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போகப் போக வேறு மாதிரி ஒரு வெறுமை வந்தது. பத்தாவது வகுப்பு பெஞ்சில் எனக்கு இடமே இல்லாமல் போனது போல. இது நான் எதிர்பார்க்காதது.

ஒரு வெள்ளிக்கிழமை, புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. தோழிதான்.

“எங்கடி பூட்ட? எம்மேல கோவமா? நான் போட்டோ போட்டா மொத லைக் உன்னுதுதான். அத்த பாத்தாதான் ஊருல ஒருத்தி என்ன நெனச்சிக்கினு இருக்கான்னு தோணும்.”

 நான் கேட்டேன்: “வாராவாரம் இப்பிடி ஊரு சுத்துறியே, ஒனக்கு நாங்க எதுக்குடி?”

அவள் சிரித்தாள். “வாராவாரமா? அது ஒரே நாளு. வெளிய போறதே அபூர்வம். மூணு பொடவைய பையில வச்சிக்கினு போயி மாத்தி மாத்திக் கட்டிக்கினு எடுத்தேன். அத்ததான் ஒண்ணொண்ணா போடறேன். மத்த நாளுல்லாம் வூட்டுக்குள்ளயேதான். சரி, நீ ஏன் ஒரு போட்டோவும் போட மாட்ற? நீ அனுப்பு, எனக்கு மட்டும்.”

அனுப்ப என்னிடம் என்ன இருக்கிறது? மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கும் தள்ளுவண்டியைப் படம் எடுத்து அனுப்பினேன். குவித்து வைத்த மல்லாட்டை, மேலே ஆவி, அளக்கும் ஆழாக்கு. அவ்வளவுதான். சாயங்காலம் குரல் பதிவாகப் பதில் வந்தது. “அந்தப் போட்டோவ பாத்ததுலேர்ந்து ஒரு வேலையும் ஓடலடி. சோறும் எறங்கல.”

நர்ஸிடம் இதைச் சொன்னபோது, “அடப்பாவமே, உங்க நோவு அவங்களுக்கு ஒட்டிக்கிச்சி,” என்றாள்.

அதன்பிறகு நானும் தோழியும் படம் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டு பேசத் தொடங்கினோம். வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்கு விடுமுறை. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். எனக்கு ரயில் ஓடிக்கொண்டிருக்கும். அவள் வீட்டுக் குழாய் ஒழுகுவதையும் என் அச்சகத்தில் மின்சாரம் போனதையும் பற்றித்தான் பேசுவோம். சண்டையும் போட்டிருக்கிறோம். ஒரு தடவை கோபத்தில் நான் பாதியில் போனை வைத்துவிட்டேன். அன்று என் முகம் எப்படி இருந்தது என்று நர்ஸைக் கேட்டேன். “செவந்து போயி இருக்குது. ஆனா சுண்டல,” என்றாள்.

அந்த ஆப்பைப் பிறகு மறுபடியும் போட்டுக்கொண்டேன். தோழியின் பச்சைப் புடவை இப்போது என்னை ஒன்றும் செய்வதில்லை. அது எந்தப் பையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தியின் சமையலறைப் படம் சில நாள் அதே வேலையைச் செய்கிறது. அவளுக்கு நான் போன் செய்து பேச முடியாதே. மனசு கனத்தால் இப்போதெல்லாம் கடைசியாக என்ன பார்த்தேன் என்று பின்னால் போய்த் தேடிப் பார்ப்பேன். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவேன். சில நாள் ஒன்றும் அகப்படாது. அன்றைக்கெல்லாம் காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருப்பேன்.