காது இருக்க வேண்டிய இடத்தில்

என் நாத்தனார் சென்னையில் ஓவியம் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், கல்லூரியில் கேட்ட உருவப்படத்துக்காக என்னையும் என் பதினான்கு மாத மகனையும் உட்காரவைத்து மூன்று நாள் வரைந்தாள். முகம் என்னுடையதுதான். ஆனால் தலைமுடி பட்டுப் பாவு நூலாக நீண்டு தறியில் ஏறியிருந்தது. மடியில் இருந்த குழந்தைக்குக் காது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்னக் கதவுகள். இரண்டும் சாத்தியிருந்தன.

பார்த்தவர்கள் எல்லாரும் என் தலைமுடிக்குத்தான் அர்த்தம் சொன்னார்கள். மாமியாருக்கு மட்டும் கதவுகள் உறுத்தின.

"நட சாத்துன கோயில் மாதிரி இருக்குது. தொறந்தாப்பல போடுமா."

"தொறந்தா அர்த்தம் மாறிடும்மா."

"உன் அர்த்தத்துல தீய வைக்க. புள்ள படம்டி அது."

நான் பி.எஸ்ஸி. படித்தவள், சகுனம் பார்ப்பதில்லை என்றுதான் சொல்லிக்கொள்வேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சமையலறையில் நாத்தனாரைத் தனியாகப் பிடித்து, "அந்தக் கதவுக்கு என்னதான் அர்த்தம்?" என்றேன்.

"பெருசா ஒண்ணும் இல்ல அண்ணி. வரையும்போது இந்தப் பக்கம் பாக்கட்டும்னு கூப்ட்டுக்கினே இருந்தேன். மூணு நாளும் ஒரு தடவகூட திரும்பல. பூட்டி வெச்சிருக்கான்னு தோணுச்சு, போட்டுட்டேன்."

மாமியார் காதில் அது விழுந்துவிட்டது. "இவன் அப்பன கூப்ட்டா மட்டும் திரும்பறானா? ரெண்டு தறி ஓடறப்போ அசராம தூங்கற புள்ளமா இது. நெசவுக்காரன் ரத்தம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதே பெருமையை நானே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

மதியம் சாப்பாட்டுக்காகத் தறி நின்றிருந்தது. அவன் தரையில் உட்கார்ந்து காலி நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான். பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தேன். நூல்கண்டு உருண்டுகொண்டே இருந்தது. இன்னும் இரண்டு அடி கிட்டே போய் மறுபடி அடித்தேன். சட்டென்று திரும்பிச் சிரித்தான். அவனை வாரி அணைக்கக் குனிந்தபோதுதான் தரையில் அவன் முன்னால் விழுந்திருந்த என் நிழலைப் பார்த்தேன்.

மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம். காதில் கருவி வைத்து, தூங்கவைத்து, வெகுநேரம் பார்த்தார்கள். "ரெண்டு காதுமே கேக்கல," என்றார் டாக்டர். இன்னும் முன்பே வந்திருந்தால் நல்லது என்றார். பிறகு காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "மொதல்ல எப்போ கவனிச்சீங்க?"

கணவர் என்னைப் பார்த்தார்.

ஆறாம் மாதத்தில் ஒரு நாள், தலைமாட்டிலேயே குக்கர் விசில் அடித்தும் அவன் திடுக்கிடாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லலாமா என்று யோசித்தேன். பைத்தியம் மாதிரி பயப்படுகிறாள் என்பார்களே என்று யோசித்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன்.

"போன வாரம்," என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மகன் என் மடியிலிருந்து அந்தப் பேனா அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.