குதிரையைக் காணாத சானியா

சானியாவுக்குக் கடைசிவரை அந்தக் குதிரை கண்ணில் படவேயில்லை.

பெக்கெனு ஊர்ப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு செம்பாறை கரையிலிருந்து நீண்டு, நடுவில் வளைவாகக் குடைந்து, முனை தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. தலையைத் தாழ்த்திக் கடலைக் குடிக்கும் குதிரை என்பார்கள். அதைப் படம் எடுக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். மிரி நகரிலிருந்து அவர்களை வேனில் கூட்டிவருவது என் பிழைப்பு. கரைக்கு இறங்கும் வழியில் தகரக் கூரையின் கீழ் இளநீரும் வாழைப்பழ பஜ்ஜியும் விற்பது சானியாவின் பிழைப்பு.

அவள் கணவர் ஜுமாட் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு இளநீர் சீவிக்கொண்டிருந்தார். கூட்டமில்லாத நேரங்களில் மனைவியின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்துவார்.

“அதோ காது. அதுக்குக் கீழ கழுத்து. இன்னுமா தெரியல?”

“கல்லு தெரியுது. ஓட்டை தெரியுது. ஓட்டை வழியா உங்க தம்பி படகு தெரியுது. குதிரைதான் இல்ல.”

வந்தவர்களிடம் இதை அவள் காட்டிக்கொள்ள மாட்டாள். சாய்ந்த சவுக்கு மரத்தருகே நில்லுங்கள், இன்னும் இரண்டடி தள்ளி என்று சரியாகச் சொல்லி அனுப்புவாள். எந்த இடத்தில் நிற்கும்போது அவர்கள் முகம் மலர்கிறது என்று பார்த்தே அந்த இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

ஆனால் அந்தக் கரையை அவளைப்போல் யாருக்கும் தெரியாது. விடியற்காலையில் கடல் உள்வாங்கும்போது கூடையோடு சிப்பி பொறுக்கப் போவாள். ஈர மணல் முழுக்க வானம் கிடக்கும். எங்கே மேகம் முடிகிறது, எங்கே கரை தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஒருமுறை சீக்கிரமே வந்துவிட்டேன். வெள்ளைப் புகை போன்ற அந்த வெளியில் அவள் மட்டும் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தாள். தரையில் நடக்கிறவளாகவே தெரியவில்லை.

மழைக்காலம் ஓயும் ஒரு பிப்ரவரியில், அப்படி நடந்தபோதுதான் பாறையின் வளைவிலிருந்து மணல் கொட்டுவதைப் பார்த்தாள். கிழிந்த மூட்டையிலிருந்து சர்க்கரை சரிவதுபோல் மெல்லிய இழையாகக் கொட்டியது. மறுநாளும் நிற்கவில்லை. மூன்றாம் நாள், பாறை இடுக்குகளில் கூடு கட்டியிருந்த உழவாரக்குருவிகள் ஒன்றுகூட இல்லை. ஜுமாட்டிடம் சொன்னாள். என் பாட்டனுக்கு முந்தியே நிற்கிற பாறை என்று அவர் சிரித்தார். கிராமத் தலைவரிடம் சொன்னாள். மேலே எழுதி அனுப்புகிறேன் என்றார்.

அந்த மூன்றாம் நாளே காலை பத்து மணி சுமாருக்கு, கடல் கடந்து ஈப்போவிலிருந்து வந்த ஒரு தம்பதியைக் கூட்டிப்போயிருந்தேன். லியோங் குவாய் செங் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவி சியூ யின். கல்யாணமாகி நாற்பது வருடம். குதிரையின் கழுத்துக்கடியில் கைகோத்து நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது லியோங்கின் ஆசை. அடுப்பை அணைத்துவிட்டு சானியா பாயோடு எங்களுக்கு முன்னால் போனாள். பாறைச் சுவருக்கும் அலைக்கும் இடையில் வழி குறுகும் இடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னைக்கு அடியில போக வேண்டாம்.”

எனக்கு எரிச்சலாகிவிட்டது. “அக்கா, எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்காங்க. அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வந்துடுவாங்க.”

“வந்துடுவாங்கன்னு நீ சொல்ற, தம்பி. கல்லு சொல்லலையே.”

லியோங்குக்கு முகம் சிவந்தது. “எனக்கு அறுபத்தெட்டு வயசு. எங்க நிக்கலாம், எங்க நிக்கக்கூடாதுன்னு நீ சொல்லித் தர வேண்டியதில்ல.”

“வயசுக்கு மரியாதை உண்டு, சார். ஆனா எந்திரிக்க மாட்டேன்.”

பஜ்ஜி விற்கிறவளுக்கு இந்தத் திமிரா என்று அவர் கேட்டார். முழங்கால் தண்ணீரில் இறங்கி அவளைச் சுற்றிக்கொண்டு போயிருக்கலாம். காலணியைக்கூடக் கழற்றிவிட்டார். அப்போது சியூ யின் போய் அந்தப் பாயில், சானியாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சானியா மடியிலிருந்த இலைப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். இருவரும் பஜ்ஜி தின்றுகொண்டு கடலைப் பார்த்தார்கள். லியோங் காலணியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, இருந்த இடத்திலிருந்தே ஒரு படம் எடுத்தார். பாயில் இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் பாறை.

திரும்பும் வழியெல்லாம் அவர் திட்டிக்கொண்டே வந்தார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினேன். இனி என் ஆட்களை அவள் கடைப் பக்கமே நிறுத்துவதில்லை என்று மனதுக்குள் முடிவும் செய்துவிட்டேன்.

மறுநாள் அவர்களை நியா குகைக்குக் கூட்டிப்போனேன். குகையின் கூரையில் ஓரிடத்தில் ஒளி ஒரே தூணாக இறங்கும். அதற்குள் போகிறவர்கள் கொஞ்ச நேரம் தங்கள் பெயரையே மறந்தவர்கள்போல் நிற்பார்கள். அவர்களும் அப்படித்தான் நின்றார்கள். வெளியே வந்ததும் என் கைப்பேசி விடாமல் அடித்தது. காலை பத்து மணிக்குக் குதிரை விழுந்துவிட்டதாம்.

நேற்று நாங்கள் நின்ற அதே நேரம். லியோங் நடைபாதைப் பலகையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அங்கே கூட்டிப்போ என்றார்.

கடல் பால் கலந்த தேநீர் நிறத்தில் கிடந்தது. பாறை நின்ற இடத்தில் வெறும் வானம். சானியாவின் பாய் அதே இடத்தில் இருந்தது. அன்று காலையும் ஆறு கல்லூரி மாணவர்களை மறித்திருக்கிறாள். கேலி செய்து, அவளைப் படம் பிடித்து, எப்படியும் களைத்து எழுந்திருப்பாள் என்று காத்திருந்தவர்கள், கையில் இளநீரோடு நின்றபோது அது இறங்கியிருக்கிறது. தலையெல்லாம் செந்தூளோடு அவர்கள் இன்னும் அங்கேயே இருந்தார்கள். சானியாவின் கையை ஜுமாட் தன் இரண்டு கைகளுக்குள் பொத்தி வைத்திருந்தார்.

லியோங் அவள் முன் போய் நின்றார். “நேத்து உங்களைத் திட்டினேன்.”

“திட்டினீங்க, சார். உங்க சம்சாரம் பஜ்ஜி நல்லா இருக்குன்னு சொன்னாங்க. ரெண்டும் சரியாப் போச்சு.”

அவர் சிரிக்கப் பார்த்தார். அழுகைதான் வந்தது. அவரைப்போல் எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்துவந்து அவள் கடை முழுக்கப் படிந்திருந்த செந்தூளைக் கழுவிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, பாயில் இருந்த இருவரையும் லியோங் எடுத்த அந்தப் படம் சட்டம் போட்டு ஈப்போவிலிருந்து வந்தது. கடையில் மாட்டினாள். விழுந்த குதிரையைப் பார்க்க இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். அந்தப் படத்தின் முன் நின்றுவிட்டுக் கரைக்குப் போகிறார்கள். ஜுமாட் விடுவதாக இல்லை. இதில்கூடவா தெரியவில்லை என்று கேட்டார். “என் முக்காடு கோணலா இருக்கு. அது நல்லாத் தெரியுது” என்றாள்.

அந்த வருடமே ஒருநாள், காசு கொடுத்து ஏறுகிறவர்களைப்போல் சானியாவும் ஜுமாட்டும் என் வேனில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். மிரியில் ஆஸ்பத்திரியையும் சந்தையையும் தவிர அவள் எதையும் பார்த்ததில்லை. நீல நிறத்தில் ஒரு உடுப்பு போட்டுக்கொண்டு வந்தாள். நகரத்துக்கு மேலே நிற்கும் கனடா குன்றின்மேல் பழைய எண்ணெய்க் கிணற்றுக் கோபுரத்தைக் காட்டி வழக்கமான கதையைத் தொடங்கினேன். அவள் காதில் விழவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். கூரைகள், ஆற்றின் வாய், அதற்கப்பால் வெயில் மங்கிய கடல். கப்பல்கள் அசையாமல் நின்றன.

“சத்தமே இல்லையே” என்றாள்.

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறந்ததிலிருந்து அலையோசை இல்லாமல் அவள் கடலைப் பார்த்ததேயில்லை.

ஜுமாட்டுக்குப் பசித்தது, கீழே இறங்கலாம் என்றார். இன்னும் கொஞ்சம் என்றாள். கடல் வெளிறி, ஊதாவாகி, வானத்தோடு ஒன்றானது. துறைமுகத்தில் ஒவ்வொரு விளக்காக எரியத் தொடங்கியது. அவர் வேனுக்குப் போய்த் தூங்கிவிட்டார். நாங்கள் இருவரும் வெகுநேரம் அங்கேயே நின்றோம்.