ஓர் ஆளுக்கான கிண்ணம்

மைக்ரோவேவில் பாஸ்தா செய்யத் தேவையானவை குறைவு: ஆழமான பீங்கான் கிண்ணம், ஒரு கைப்பிடி பாஸ்தா, அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், உப்பு, கடைசியில் கொஞ்சம் பாலும் சீஸும். கிண்ணம் நிறைந்துவிட்டால் பொங்கி வழியும். எங்களிடம் இருந்தது ஒரே கிண்ணம். அதில் ஓர் ஆளுக்குத்தான் ஆகும்.

அதனால் என் கணவர் இரண்டு தடவை செய்வார். முதலில் வெந்ததைத் தட்டில் கொட்டி என்னிடம் தருவார். "ஆறிப்போயிரும், நீ சாப்பிடு" என்பார். நான் அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைத்துக் காத்திருப்பேன். அவருடையது வருவதற்குள் என்னுடையது கட்டியாகியிருக்கும். கரண்டியால் குத்திப் பிரித்தபடி அவரோடு சாப்பிடுவேன்.

போன வருடம், வேறொரு பெண்ணோடு வாழப்போவதாகச் சொன்னார். சண்டை எதுவும் இல்லை. எதிரில் உட்கார்ந்து தெளிவாகச் சொன்னார். பெரியவர்கள் பேசி முடித்தபின், எங்கள் பக்க வழக்கப்படி என் சீர்ச் சாமான்கள் மினி லாரியில் திரும்பி வந்தன. கட்டில், பீரோ, மைக்ரோவேவ், அதற்குள் அந்தப் பீங்கான் கிண்ணம், மூட்டை மூட்டையாக எவர்சில்வர். ஒவ்வொரு பாத்திரத்திலும் எங்கள் இருவர் பெயரும் சேர்த்து வெட்டியிருந்தது. கொண்டப்பநாயக்கன்பட்டியில் நான் எடுத்திருந்த வாடகை வீட்டின் பரணில் மூட்டைகளை ஏற்றிவிட்டேன். மைக்ரோவேவுக்குள் எவர்சில்வர் வைக்கக்கூடாது. அது எனக்கு வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராசிபுரம் பக்கத்துத் தோட்டத்து வீட்டிலிருந்து அம்மா பஸ் ஏறி வந்தார். என்னைக் கையோடு கூட்டிப்போக.

"ஒத்தையாளுக்கு எதுக்கு சாமி தனி ஊடு? அங்கிருந்தே மில்லுக்குப் போயிட்டு வா."

"இங்கயே நல்லாத்தானுங்கம்மா இருக்கறேன்."

"நல்லா இருக்கறவளுக்கு இப்பிடித்தான் எலும்பு தெரியுமா?"

ஊருக்குப் போனால் தினமும் யாராவது ஒரு அத்தை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். அவரை நான் தேற்ற வேண்டியிருக்கும். இந்த வீட்டில் அழுவதானால் நான் மட்டும் அழலாம். இதை அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுகிறேன் என்று காட்டிவிட்டால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

மதியம் பாஸ்தாவை எடுத்தேன். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இந்தக் குழாப்புழுவையா தின்னுக்கிட்டு இருக்கற?"

"உங்களுக்கும் செய்யட்டுங்களா?"

"எனக்கு வேண்டாஞ்சாமி. சோறு கட்டிட்டு வந்திருக்கறேன். நெருப்பில்லாம அது எங்க வேகறது?"

"வேகுமுங்க, பாருங்க."

பாதியில் நிறுத்திக் கிளறி, மறுபடி வைத்தேன். தண்ணீர் வற்றியதும் பால், சீஸ், மிளகுத்தூள். நன்றாகவே வந்தது. தட்டில் கொட்டி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்தேன். கிண்ணத்தைக் கழுவினேன். இன்னொரு கைப்பிடி போட்டேன், தண்ணீர் ஊற்றினேன், உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

"அது ஆருக்கு சாமி?" என்றார் அம்மா.

கிண்ணம் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி, "உங்களுக்குத்தானுங்க" என்றேன். என் குரலில் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை. மூடியிருந்த தட்டைப் பார்த்தார்.

இரண்டாவதும் வெந்ததும், தரையில் உட்கார்ந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். சீஸ் வாடை அவருக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு வாயையும் மென்று, கொஞ்சம் நிறுத்தி, விழுங்கினார். ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து கட்டியைக் குத்திப் பிரித்தேன். அவர் சோறு கொண்டுவந்த தூக்குப்போசி திறக்காமலே இருந்தது.

சாயங்காலம் கிளம்பும்போது, துணிமணி எடுத்து வைத்தாயா என்று அவர் கேட்கவில்லை.

"அப்பங்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ இங்கயே இரு."

படியிறங்கிய பிறகு திரும்பினார்.

"மொதல்ல வெந்தத சூட்டோடயே தின்னுபோடு சாமி. மூடி வெக்காத."

"சரிங்கம்மா" என்றேன்.