எதிரி என்று ஒரு சொல்

தரணேந்திரன் போய்விட்டார் என்று திருப்பருத்திக்குன்றத்திலிருந்து அவர் தம்பி தொலைபேசியில் சொன்னபோது, எங்கள் ஆய்வகத்தில் ரத்த மாதிரிகள் இருந்த கண்ணாடிக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. "குளிச்சிட்டு வந்து உட்கார்ந்தாரு சார். நெஞ்சு வலிக்குதுன்னாரு. அவ்ளோதான்." இயந்திரம் நின்றதும் பக்கத்து மேசையைப் பார்த்து, "குழாயை எடுத்துடலாமா?" என்று கேட்டுவிட்டேன். அந்த மேசையில் இனி ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பழகியவர்களுக்குத் தெரியும், மனிதர் பிடிவாதக்காரர். சமணக் குடும்பம்; பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார். நாங்கள் காபி குடிக்கும் நேரத்தில் அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார். கேலி செய்தால் சிரித்துக்கொண்டே இன்னும் மெதுவாகச் சாப்பிடுவார். அந்த நாட்களில் எங்களுக்கு வந்த இன்சுலின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுத்தது. ஒரு சொட்டு சிந்தினாலும் அவர் முகம் வாடிவிடும். "ஒரு உயிர் குடுத்ததுப்பா, சிந்தாதே" என்பார்.

குழந்தைகளுக்கு வரும் நீரிழிவில், உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே கணையத்தைத் தாக்குகிறது என்று அவர் நம்பினார். ஏன் தாக்குகிறது என்பதைத்தான் கடைசிவரை தேடினார். அதற்கு ரத்தம் வேண்டும்; அதை எடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வீடுகளுக்குப் போவார். பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுக்கு இருவரும் போனோம். அந்த வீட்டுச் சிறுமி கலாவுக்குத் தினமும் ஊசி. அம்மா மரகதத்துக்கு ஊசியைத் தொடவே பயம். பக்கத்து வீட்டிலிருந்த மரகதத்தின் ஓரகத்தி சுலோச்சனா பிரசவ விடுதியில் வேலை பார்த்தவள். அவள்தான் வந்து போட்டுவிட்டுப் போவாள்.

கிருமிகளை அடிக்க ரத்தத்தில் ஊறுவதைப் பாடப்புத்தகம் 'எதிர்ப்பொருள்' என்கிறது; அதைத் தரணேந்திரன் மரகதத்துக்காகச் சுருக்கினார். "ரத்தத்துல எதிரி இருக்குதான்னு பார்க்கணும்மா. கூடவே இருந்துக்கினு கெடுக்குது."

"கூடவே இருக்கிற எதிரியா சார்?"

"ஆமாம்மா, அதேதான்" என்றார், விளங்கிவிட்டது என்ற சந்தோஷத்தில்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனால், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மரகதம் அதைச் செய்வினை என்று எடுத்துக்கொண்டிருந்தாள். கூடவே இருந்து கெடுக்கிற எதிரி வேறு யார், தினமும் ஊசியோடு வருகிறவள்தானே. "டாக்டரே சொல்லிட்டாரு" என்று தெருவில் நின்று கத்தியிருக்கிறாள். ஊசி நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. கலா பாயில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தாள். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிழைத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு, தரணேந்திரன் வாசல் படியில் உட்கார்ந்து குலுங்கி அழுதார்.

கலா வீடு திரும்பியதும், சுலோச்சனாவிடம் போய், "தப்பு என்னுதும்மா, வார்த்தை என்னுது" என்றார்.

"வார்த்தை உங்களுது டாக்டர். நம்பினது அவதானே" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் மரகதத்திடம் திரும்பி வந்தார். "எதிரி இல்லம்மா, காவல். எல்லார் ரத்தத்துலயும் இருக்குது, எனக்கும்தான். உன் பொண்ணுக்கு அது ஆள் தெரியாம சொந்த வீட்டையே அடிச்சிடுச்சு."

மரகதம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, "அப்போ நான் ஊட்டின பொங்கலாலயும் இல்லையா?" என்று கேட்டாள். கோயில் சர்க்கரைப் பொங்கலைத் தன் கையால் மகளுக்கு ஊட்டித்தான் இந்த நோய் வந்தது என்று அத்தனை நாளும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறாள். பழியை இறக்கி வைக்க ஓர் ஆள் கிடைத்ததும் பிடித்துக்கொண்டாள்.

"நீ குடுத்ததாலயும் இல்லம்மா. யாராலயும் இல்ல."

அன்று மாலையே அவள் ஓரகத்தி வாசலில் போய் நின்றாள். சுலோச்சனா கதவைத் திறந்தாள். ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அதற்குப் பிறகு, பெரிய பேராசிரியர்கள் கூடிய கூட்டத்தில்கூட தரணேந்திரன் 'காவல்' என்றுதான் சொன்னார். சிலர் சிரித்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

இறுதிச் சடங்குக்கு மரகதம், சுலோச்சனா, கலா மூவரும் வந்திருந்தார்கள். கலா தாவணி போடும் வயதுக்கு வளர்ந்திருந்தாள். மரகதம் என் அருகில் வந்து, "காவலு ஏன் ஆள் தெரியாம அடிக்குதுன்னு கண்டுபிடிச்சிட்டாரா சார்?" என்றாள்.

"இல்லம்மா" என்றேன்.

"அப்போ இனிமே யாரு தேடுவாங்க?"

கலா அழுத கண்களோடு, "ரத்தம் எடுக்க எப்போ வருவீங்க சார்?" என்று கேட்டாள்.

தரணேந்திரனுடைய சொல் ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது. அவருடைய கிழமையையும் நான் எடுத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை வர்றேம்மா" என்றேன்.